தனித்து நின்ற புல்

அவளை எல்லாரும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். முறைப்படி அப்படிக் கூப்பிட வேண்டியவன் ஒருத்தன்தான், அவள் புருஷனுடைய தம்பி. அவள் கல்யாணமாகி வந்தபோது அவன் மூக்கு ஒழுகும் பிள்ளை. காலையில் கண் விழித்ததிலிருந்து தூங்கும்வரை அண்ணி, அண்ணி என்று வீடே அதிரும். அதைக் கேட்டுக் கேட்டுப் பால் வண்டிக்காரரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார். அவரிடமிருந்து சரிவில் இருந்த மற்ற வீடுகளுக்கும் அது தொற்றிக்கொண்டது. கடைசியில் பல் போன கிழவர்கள்கூட வாசலில் வந்து நின்று, "அண்ணி, அரை லிட்டர் பால் கிடைக்குமா?" என்று கேட்கும்படி ஆயிற்று.

மரங்கள் ஏறி வர மாட்டாமல் கீழேயே நின்றுவிட்ட உயரத்தில் அவர்கள் வீடு இருந்தது. கல் சுவர், தகரக் கூரை. சமையலறைக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவே ஒரே ஒரு பலகைக் கதவு. அடுப்பின் சூடு மாடுகளுக்கு, மாடுகளின் மூச்சுச் சூடு மனுஷர்களுக்கு என்று பகிர்ந்துகொண்டு குளிரை ஓட்டிவிடுவார்கள். வீட்டுக்கு மேலே கண்ணுக்கு எட்டிய மட்டும் புல். மழைக்காலம் பிடித்துவிட்டால் மாடுகளை வெளியே விட முடியாது. அதற்குள் புல்லை அறுத்து, காயவைத்து, போர் போட்டாக வேண்டும். அந்தச் சில நாள் வேலையில்தான் அந்த வீட்டின் வருஷமே இருந்தது.

நாலு பேரும் வரிசையாகக் குந்தி அறுப்பார்கள். மேல் முனையில் அண்ணியின் புருஷன். சரிவில் அவரைப் பெரியவர் என்பார்கள். அவரை அடுத்து அண்ணி. அவளுக்குப் பக்கத்தில் போன குளிர்காலத்தில் கீழே டவுனிலிருந்து வாழ வந்த இளையவள். கடைசியில் அவள் புருஷன், பெரியவரின் தம்பி சின்னவன். இந்த வரிசை பெரியவர் வைத்தது. எந்தப் பக்கம் ஆரம்பிப்பது, எப்போது டீக்கு நிறுத்துவது, எந்த மாட்டுக்கு எந்தப் போர் என்பதும் அவர் வைத்ததுதான்.

"ஏம்மா, அது அரிவாளா சீப்பா? புல்லுக்குத் தலை வாரி விடுறியே" என்றார் பெரியவர், இளையவளைப் பார்த்து.

"பழகிக்கிறேன் மாமா."

"நான் வந்த வருஷம் அரிவாளையே புல்லுக்குள்ள தொலைச்சுட்டுத் தேடிக்கிட்டிருந்தேன்" என்றாள் அண்ணி. "அப்ப இவரு வாயே திறக்கலையே."

"அப்ப நான் புது மாப்பிள்ளை. திறக்க முடியுமா?"

சின்னவன் சிரித்தான். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

அறுக்கிறவர்களுக்குப் பின்னால் நெட்டைக்காலிகள் வந்துகொண்டிருந்தன. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் நீளமான குருவி. காய்ந்த புல்லின் நிறம், நெஞ்சில் கரிக்கோடுகள். மற்ற குருவிகள்போலத் தத்தாது. ஒரு காலுக்கு முன்னால் ஒரு காலை வைத்து நடக்கும். வெட்டவெளியில் எலி மாதிரி ஓடும். அறுத்த இடத்தில் திக்குத் தெரியாமல் துள்ளும் வெட்டுக்கிளிகளைப் பொறுக்கித் தின்றுவிட்டு, வாலை மேலும் கீழும் ஆட்டியபடி நின்று, வேலையைப் பார்வையிடுவதுபோலத் தலையைச் சாய்க்கும். "மேஸ்திரி வந்துட்டாரு, ஒழுங்கா அறுங்க" என்பார் பெரியவர். எப்போதாவது ஒன்று வானத்தில் செங்குத்தாக ஏறி, மெல்லிய குரலில் ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டு, காகிதம் விழுவதுபோலச் சரிந்து இறங்கும்.

மதியத்துக்கு மேல் இளையவள் வரிசையில் பின்தங்கினாள். காலில் முள் ஏறியிருக்கும் என்று அண்ணி நினைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து, ஓர் இடத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, விட்ட வரிசையைப் பிடித்துவிட்டாள். பொழுது சாய்ந்தபோது பாதி நிலம் அறுபட்டுக் கிடந்தது. நடுவில் ஒரே ஒரு புல் கொத்து, ஒரு கூடை அகலம், அறுபடாமல் நின்றது.

அந்தச் சரிவில் பாகம் கேட்பதற்கு வாய் வேண்டாம். கூடப் பிறந்தவனின் முகத்தைப் பார்த்து "எனக்கு என் பங்கைக் கொடுத்துவிடு" என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? அதனால் யாரோ எப்போதோ ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். பிரிய நினைப்பவன் புல் அறுக்கும்போது, தன் பங்கு எங்கிருந்து தொடங்க வேண்டுமோ அங்கே ஒரு கொத்தை விட்டுவிடுவான். மற்றவனுக்குச் சம்மதமில்லை என்றால் மறுநாள் அதை அறுத்துப் போடுவான். சம்மதம் என்றால் அங்கே கல் நடுவான். ஒரு வார்த்தை செலவில்லாமல் குடும்பம் இரண்டாகிவிடும். பல வீடுகளில் அதற்குப் பிறகும் வார்த்தை செலவாகவில்லை. அண்ணியின் பிறந்த வீடு அப்படிப்பட்டது. அவள் அப்பா செத்துக் கிடந்தபோது சித்தப்பா தெருவில் வந்து நின்றார். வாசற்படி ஏறவில்லை. நின்றுவிட்டுப் போய்விட்டார். அந்தத் தெருவும் அந்த நிற்பும் அவள் மனசில் எங்கோ ஒரு மூலையில் இன்னும் இருந்தன.

பெரியவர் திரும்பி வரும் வழியில் அந்தக் கொத்தைப் பார்த்தார். நடை ஒரு கணம் தட்டியது. பிறகு நடந்தார்.

சமையலறையில் வெந்த உருளைக்கிழங்கு ஆவி பறந்துகொண்டிருந்தது. நாலு தட்டு. பெரியவர் ஒரு கிழங்கை உரித்தார்.

"எல்லைக்கல் ஒண்ணு கிடந்துச்சே. எங்க?"

சின்னவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கொட்டகைக்குப் பின்னாடி."

"ம்."

அவ்வளவுதான். பாதிக் கிழங்கைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் பலகைக் கதவைத் திறந்து மாடுகளிடம் போய்விட்டார். கதவு மூடிய பிறகு அண்ணி கேட்டாள்.

"தம்பி, நீயா விட்ட?"

"நான் விடல அண்ணி."

"பின்ன?"

அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். இளையவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "அந்தப் புல்லா? நான்தான்க்கா விட்டேன். தப்பா?"

"எதுக்கும்மா விட்ட?"

"குருவி கூடு கட்டியிருக்குக்கா. என் கால் ரெண்டுக்கும் நடுவுல எலி மாதிரி ஒண்ணு ஓடிச்சு. கத்தலாம்னு பார்த்தேன், குருவி. புல்லுக்கு அடியில கிண்ணம் மாதிரி கூடு, உள்ள வாயைப் பிளந்துக்கிட்டு குஞ்சுங்க. சொன்னா மாமா சிரிப்பாரோன்னு பேசாம சுத்திக்கிட்டு வந்துட்டேன்."

அண்ணிக்கு மூச்சு வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரியாப் போச்சு போ! நெட்டைக்காலிக் கூட்டுக்காக ஒரு வீடே ரெண்டாகப் பாத்துச்சு. இரு, நான் போய் அவர்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன்."

"வேண்டாம் அண்ணி" என்றான் சின்னவன்.

அவள் எழுந்தவள் அப்படியே நின்றாள்.

"யாரோ சொல்லிக் குடுத்து இவதான் விட்டிருக்கான்னு நினைச்சேன். நானா இருந்தா விட்டிருக்க மாட்டேன், தைரியம் வராது. ஆனா பார்த்ததும் மனசுக்கு லேசா இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்."

"உனக்கு இங்க என்னப்பா குறை?"

"ஒரு குறையும் இல்ல. எனக்கு முப்பது வயசாச்சு அண்ணி. எந்தப் பக்கம் அறுக்க ஆரம்பிக்கணும்னுகூட அவர்தான் சொல்லணும். அவர் சொல்றது தப்பில்ல. எப்பவும் சரியாத்தான் இருக்கும். அதுதான் அண்ணி கஷ்டம். ஒரு தடவையாவது நானா தப்பா ஆரம்பிக்கணும்."

இளையவள் வாயில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு குருவிக்கு இடம் விட்டதில் இவ்வளவு இருக்கும் என்று டவுனில் யாரும் அவளுக்குச் சொல்லி அனுப்பவில்லை.

அண்ணி அவனைத் திட்டவில்லை. அவன் சொன்னது நியாயம் என்று அவளுக்குத் தெரிந்தது. பிள்ளை வளர்ந்தால் சட்டை பத்தாது. அதற்குச் சட்டையையும் குறை சொல்ல முடியாது, பிள்ளையையும் குறை சொல்ல முடியாது. பிரியட்டும். ஆனால் பேசாமல் பிரிந்துவிடக் கூடாது. அது ஒன்றைத்தான் அவள் அன்றிரவு சாமியிடம் கேட்டாள். வேறு எதையும் சேர்த்துக் கேட்கவில்லை. நிறையக் கேட்டால் இது தொலைந்துபோகுமோ என்று பயம்.

படுக்கப் போகுமுன் புருஷனிடம் கூட்டைப் பற்றிச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார்.

"அப்ப அவன் கேக்கலையா?"

அவளுக்குப் பொய் வரவில்லை. "கேக்கத்தாங்க செய்றான்."

"அப்ப சரி. கூடும் நெசம், இதுவும் நெசம்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையிலிருந்து அண்ணனும் தம்பியும் செவலைப் பசு வழியாகப் பேசிக்கொண்டார்கள்.

"ஏ செவலை, உன் சின்ன எஜமானுக்குக் காது கேக்குதா பாரு. பால் கேனுக்கு மூடி எங்கன்னு கேளு."

"மூடி கழுவி வெயில்ல வெச்சிருக்குன்னு சொல்லு செவலை."

"வெயில் எங்க அடிக்குது? பனியா கொட்டுதுன்னு சொல்லு."

செவலை இரண்டு பேருக்கும் பொதுவாக அசைபோட்டது. இளையவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அண்ணியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

பால் வண்டி போனதும் பெரியவர் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு மேலே போனார். குழி தோண்டத்தான் போகிறார். அண்ணி டீத் தூக்கோடு தூரத்தில் பின்னாலேயே போனாள். எல்லோருக்கும் எதிரில் இல்லாமல் தனியாகக் கல் நடுவது இன்னும் மோசம் என்று அவளுக்குத் தோன்றியது.

அவர் கொத்தை நெருங்கியதும் அதற்குள்ளிருந்து தாய்க்குருவி வெளியே ஓடி வந்தது. பறக்கவில்லை. சற்றுத் தள்ளி மொட்டைத் தரையில் நின்று, வாலை ஆட்டிக்கொண்டு, அலகில் ஒரு பச்சைப் புழுவோடு அவரைப் பார்த்தது. அவர் கடப்பாரையை ஊன்றினார். நின்றார். குருவி இரண்டு நடை நடந்து பக்கத்தில் வந்தது. திரும்பிப் போனது. மறுபடி வந்தது. புழு நெளிந்துகொண்டேயிருந்தது. அண்ணி மேலே போகாமல் நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் கடப்பாரையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார்.

"தரை இறுகிக் கெடக்கு" என்றார். "ஒரு மழை விழட்டும்."

இரவெல்லாம் பெய்த பனியில் அவள் குதிகால் மண்ணில் புதைந்துகொண்டிருந்தது.

"ஆமாங்க. பாறை மாதிரி இருக்கு" என்றாள் அவள். சாமி இதைப் பொய்க் கணக்கில் எழுதாது என்று நம்பினாள். டீயை ஊற்றிக் கொடுத்தாள்.

அவர் குடிக்கும்போதுதான் அந்தக் காக்கையைப் பார்த்தாள். மேட்டுப் பாறையில் உட்கார்ந்து, அறுத்த நிலம் முழுவதையும் சாவகாசமாக நோட்டம் விட்டுக்கொண்டிருந்தது.

"என்னங்க, அதைப் பாருங்க. சுத்தி மொட்டை அடிச்சாச்சு, நடுவுல ஒரு குடுமி மட்டும் நிக்குது. காக்காவுக்கு நாமளே விலாசம் எழுதிக் குடுத்த மாதிரி இருக்கு."

உண்மைதான். புல் நிறைந்திருந்தபோது அந்தக் கூடு எங்கே என்று யாருக்கும் தெரியாது. குருவியே நேராகக் கூட்டில் இறங்காது. தூரத்தில் இறங்கிப் புல்லுக்குள் நடந்து வரும். இளையவள் இரக்கப்பட்டு விட்ட இடம்தான் இப்போது அந்தக் குருவியைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

"அதுக்கு நான் என்ன பண்றது? குடை பிடிக்கட்டுமா?" என்றார் பெரியவர். டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் உதறிவிட்டு மீதிப் பாதியை அறுக்கப் போனார்.

அன்று அவர் யாரையும் வரிசையில் கூப்பிடவில்லை. தனியாக மேல் கோடியிலிருந்து அறுத்து வந்தார். மற்ற மூவரும் முந்தின நாள் அறுத்ததைக் கவைக்கோலால் புரட்டிப் போட்டுக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் கழித்து இளையவள்தான் முதலில் கவனித்தாள்.

"அக்கா, மாமா அங்கங்க புல்லை விட்டுட்டுப் போறாரே."

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். அவர் அறுத்துப் போன வழியில் ஒரு கொத்து நின்றது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கப்பால் இரண்டு. ஒவ்வொன்றும் ஒரு கூடை அகலம். முப்பது வருஷமாக ஒரு தாள் மிச்சமில்லாமல் தரையோடு ஒட்ட அறுப்பவர் அவர். அடுத்தவன் அறுப்பில் நாலு தாள் நின்றால் போதும், நாள் பூராவும் அதையே சொல்லிக்காட்டுவார்.

சின்னவனும் பார்த்தான். கவைக்கோலைக் கீழே போட்டுவிட்டு, காய்ந்துகொண்டிருந்த புல்லில் ஒரு கையை வாரிச் சிறு கட்டாகக் கட்டினான். அதன் அடியை விரித்துத் தரையில் நிறுத்தினான். பிறகு இன்னொன்று. மாலைக்குள் அந்தப் பாதியிலும் கட்டுகள் நின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் எது கொத்து, எது கட்டு, எதில் கூடு என்று சொல்ல முடியாது. காக்கை பாறையை விட்டு இறங்கி ஒரு கட்டைக் குத்திப் பார்த்தது. இன்னொரு கட்டைக் குத்தியது. சலித்துப்போய்ப் பறந்து போயிற்று.

அடுத்த நாள் பால் வண்டிக்காரர் வண்டியை நிறுத்தியவர் மேலே பார்த்துவிட்டு இறங்கியே வந்துவிட்டார்.

"என்ன அண்ணி இது! வீட்டுல எத்தனை பேரு பங்கு கேக்குறாங்க? மாடுங்களும் கேக்குதா?"

பெரியவர் கொட்டகையிலிருந்து பதில் சொன்னார். "இடுப்புப் பிடிச்சிருக்கு. குனிய முடியாத இடத்துல விட்டுட்டேன். உனக்கென்ன?"

"இடுப்புவலி இவ்வளவு அழகா இடைவெளி விட்டா வரும்?"

"உனக்கும் வரும். கேனை ஏத்து."

வண்டிக்காரர் மூலமாகச் செய்தி சரிவு முழுக்கப் போய்விட்டது. பெரியவருக்கு மூளை குழம்பிவிட்டது என்றார்கள் சிலர். புல் விலை ஏறும் என்று நிற்க வைத்திருக்கிறார் என்றார்கள் சிலர். கீழ் வீட்டுக்காரர் மட்டும் இரண்டு நாள் யோசித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று தன் நிலத்திலும் ஒரு கொத்து விட்டு வைத்தார். அதைப் பார்த்து அவர் மகன் அவரிடம் ஒரு வாரம் பேசவில்லை.

அந்த நாள்களில் நாலு பேரும் ஒரே அடுப்பில்தான் சாப்பிட்டார்கள். கல் நட்டால்தானே அடுப்பு பிரியும்? கல் நட வேண்டுமானால் கூடு காலியாக வேண்டும். இப்படி யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கொட்டகையின் மறுபக்கத்தில் கிடந்த பழைய அறையைச் சின்னவன் சுத்தம் பண்ண ஆரம்பித்தான். சுவரில் ஒரு ஓட்டை இருந்தது. ஒரு நாள் அவன் டவுனுக்குப் போய்த் திரும்பியபோது அது அடைபட்டிருந்தது. பூச்சில் பெரியவரின் கட்டைவிரல் பதிந்திருந்தது. இவன் செவலையிடம், "நல்லா பூசியிருக்காருன்னு சொல்லு" என்றான். "மண்ணுல இன்னும் கொஞ்சம் சாணி சேர்த்திருக்கணும்னு சொல்லு" என்று பதில் வந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அண்ணி பலகைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுவிட்டு வந்தாள். பசு ஒரு நாள் இல்லாமல் போனால் இவர்கள் என்ன செய்வார்கள் என்று நினைத்து, அன்று செவலைக்கு ஒரு கை புல் கூடப் போட்டாள்.

மேற்கே மேகம் திரள ஆரம்பித்தது. புல்லைப் போர் போட்டுக் கட்டினார்கள். முதல் தூறல் விழுந்து ஓய்ந்த காலையில், இளையவள் மேலேயிருந்து ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, கூட்டுல ஒண்ணுமில்ல."

பெரியவர் டம்ளரை வைத்தார். சின்னவன் எழுந்து கொட்டகைக்குப் பின்னால் போய்க் கல்லைத் தூக்கித் தோளில் வைத்தான். பெரியவர் கடப்பாரையை எடுத்தார். இருவரும் ஆளுக்கொரு தடத்தில் ஏறினார்கள். பெண்கள் பின்னால் போனார்கள். அண்ணியின் வாய் முணுமுணுத்துக்கொண்டே வந்தது.

கொத்துக்குப் பக்கத்தில் சின்னவன் கல்லை இறக்கினான். குனிந்து புல்லை விலக்கினான். கிண்ணம் போன்ற கூடு அப்படியே இருந்தது, காலியாக. இறகு இல்லை. ரத்தம் இல்லை. தாய்க்குருவியும் கண்ணில் படவில்லை.

"பறந்துடுச்சு" என்றான், பொதுவாக.

பெரியவர் கடப்பாரையால் ஒரு போடு போட்டார். மண் மெத்தென்று வாங்கிக்கொண்டது. "காக்கா தின்னிருக்கும்" என்றார், குழியைப் பார்த்து.

"காக்கா தின்னா கூடு பிஞ்சிருக்கும்."

"எதுக்குப் பிய்க்குது? அலகை விட்டுத் தூக்கிட்டுப் போனா முடிஞ்சுது."

"இந்தா, விளிம்பைப் பாருங்க. ஒரு பக்கம் அமுங்கிக் கெடக்கு. குஞ்சுங்க வளர்ந்து ஏறி நின்னிருக்கு."

"காக்கா ஏறி நின்னா அமுங்காதா?"

"காக்கா ஏறினா கூடே தரையோட போயிருக்கும் அண்ணே! அது எவ்வளவு கனம்!"

"காக்கா கனத்தை எனக்கு நீ சொல்லித் தர்றியா? கல்லைப் பிடி. சாயுது."

"பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க மண்ணைத் தள்ளுங்க. எச்சம் எவ்வளவு கெடக்கு பாருங்க, வெளிப் பக்கமா. பறக்கப் போற குஞ்சுதான் வெளியில போடும்."

"எச்சத்தை வெச்சு ஜோசியம் பாக்குறான். நீ பறந்ததைப் பாத்தியா?"

"நீங்க தின்னதைப் பாத்தீங்களா?"

இளையவள் அண்ணியின் கையைப் பிடித்தாள். "அக்கா, சண்டை போடுறாங்க. ஏதாவது சொல்லுங்கக்கா."

"சும்மா இரு" என்றாள் அண்ணி. "போடட்டும். நீ ஒண்ணும் சொல்லிடாத."

"இந்தப் பக்கம் அழுத்துடா."

"அழுத்திட்டேன். பறந்துடுச்சுன்னு ஒத்துக்கிட்டா உங்களுக்கு என்ன குறைஞ்சுடும்?"

"தப்பா ஒத்துக்கணுமா? நெசமாப் பறந்திருந்தா இங்கதான் எங்கயாவது நடந்துக்கிட்டிருக்கும். நெட்டைக்காலிக் குஞ்சு ஒரே நாள்ல ஊரை விட்டா போகும்? தேடு பாப்போம்."

"வாங்க, தேடுவோம்."

இரண்டு பேரும் மண் கையைத் தட்டிவிட்டு, குனிந்து, புல் கொத்துகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு போனார்கள், குரலைத் தாழ்த்தாமல். அண்ணி ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கல் நேராக நின்றது. அதைப் பார்க்க அவர்கள் இருவருக்கும் நேரமில்லை.